ஹெபடைடிஸ் சி, 54 வயது, வலிப்பு மாத்திரையும் ஓடுகிறது: சோபோ-டாக்லா போதுமா?

ஆற்காடு சிஸ்டர்

வணக்கம். ஆற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் செவிலியர். எங்கள் டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் போடவில்லை.

ஆண், 54 வயது, 62 கிலோ. 1996-இல் சாலை விபத்து, தலையில் அடி, அப்போது நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வலிப்புக்குப் பெனிடாயின் இரவில் 300 மி.கி. எட்டு வருடமாகச் சர்க்கரை: மெட்ஃபார்மின் 500 இரு வேளை, கிளிமிபிரைட் 2 மி.கி. காலையில். காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் 40 போடுகிறார். அதை யாரும் எழுதித் தரவில்லை, ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்குவது. குடி இருந்தது, இரண்டு வருடமாக இல்லை.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையில் எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) ஆன்டிபாடி பாசிட்டிவ். வைரஸ் அளவைக் காட்டும் ஆர்.என்.ஏ. 8,40,000 ஐ.யு. கல்லீரல் நொதிகள் எஸ்.ஜி.ஓ.டி. 68, எஸ்.ஜி.பி.டி. 74, பிலிருபின் 1.3, ஆல்புமின் 3.4, ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் தன்மை) 1.2, பிளேட்லெட் 1.10 லட்சம், ஹீமோகுளோபின் 12.8, கிரியாட்டினின் 0.9. எச்.பி.எஸ்.ஏஜி. (ஹெபடைடிஸ் பி பரிசோதனை), எச்.ஐ.வி. இரண்டும் நெகட்டிவ். வயிற்றில் நீர் இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறார்.

கேட்க வேண்டியவை: சோபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் 12 வாரம் போதுமா? ஜீனோடைப் (வைரஸின் வகை) எடுத்தே ஆக வேண்டுமா? கல்லீரல் தழும்பை மதிப்பிடும் ஃபைப்-4 கணக்கு எனக்கு 0.45 வருகிறது, அப்படியானால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

பாலாற்றங்கரை டாக்டர்

சிஸ்டர், விவரம் முழுதாகக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. முதலில் அந்த 0.45-ஐத் திருத்துவோம். அதை நம்பினால் மற்றதெல்லாம் தவறிப்போகும்.

ஃபைப்-4 என்பது வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுப்பது. நீங்கள் வர்க்கமூலம் எடுக்காமல் 74-ஐ அப்படியே போட்டுவிட்டீர்கள். 54 × 68 = 3672. 74-இன் வர்க்கமூலம் 8.6. 110 × 8.6 = 946. 3672 ÷ 946 = 3.88. 1.45-க்குக் கீழே என்றால் தழும்பு பெரிதாக இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே என்றால் முற்றிய தழும்பு என்று சந்தேகிக்க வேண்டும். உங்கள் நோயாளி மேல் பக்கம் நிற்கிறார்.

பிளேட்லெட்டிலும் ஒரு பொறி உண்டு. நம்மூர் லேப் ரிப்போர்ட்டில் 1.10 லட்சம் என்று வரும். கணக்கில் போட வேண்டியது 110. போனில் இருக்கும் கால்குலேட்டரில் 1.10 என்று தட்டினால் 388 வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் தப்பு தெரிந்துவிடும். வர்க்கமூலம் விட்ட தப்பு அப்படிக் கண்ணில் படாது, எல்லாம் சுகம் என்று சொல்லி அனுப்பிவிடும்.

ஆப்ரி என்ற இன்னொரு தழும்புக் கணக்கு: எஸ்.ஜி.ஓ.டி. 68-ஐ லேபின் மேல் வரம்பு 40-ஆல் வகுத்தால் 1.7. அதை 110-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.55. 2-க்கு மேல் என்றால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று எடுப்போம், இது 2-ஐத் தொடவில்லை. ஒரு கணக்கு ஆம் என்கிறது, இன்னொன்று நடுவில் நிற்கிறது. இப்படி இரண்டும் ஒத்துப்போகாதபோது ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுக்காமல் மருந்து எழுதக் கூடாது. பிளேட்லெட் 1.10, ஆல்புமின் 3.4 இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்தாலே எனக்குச் சிரோசிஸ் சந்தேகம் வலுவாகத்தான் இருக்கிறது.

ஃபைப்ரோஸ்கேனுக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு. டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் ஏறும். நல்ல அளவீடு பத்து இருக்க வேண்டும், அளவீடுகளின் சிதறலைக் காட்டும் ஐ.க்யூ.ஆர். ரிப்போர்ட்டில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சி வைரஸில் 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் போனால் சிரோசிஸ். கூடவே வயிற்று அல்ட்ராசவுண்ட்: கட்டி, மண்ணீரல் அளவு, நீர்.

சைல்ட்-பியூ மதிப்பெண் போட்டால் ஆல்புமின் 2.8-க்கும் 3.5-க்கும் நடுவில், அதற்கு 2. பிலிருபின், ஐ.என்.ஆர்., நீர், மூளைத் தெளிவு ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 6, ‘ஏ’ வகுப்பு. சிரோசிஸ் இருந்தாலும் இன்னும் தாக்குப்பிடிக்கும் கல்லீரல் என்று பொருள். 7 ஆனால் கதை வேறு.

தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அதன் வழிமுறைப்படி சிரோசிஸ் இல்லாதவருக்கு சோபோஸ்புவிர் 400 உடன் டாக்லாடாஸ்விர் 60, பன்னிரண்டு வாரம். சிரோசிஸ் இருந்து கல்லீரல் தாக்குப்பிடித்தால் சோபோஸ்புவிர் 400, வெல்பாடாஸ்விர் 100 சேர்ந்த ஒரே மாத்திரை, பன்னிரண்டு வாரம். நீர் கோத்தது, மயக்கம், மஞ்சள் என்று கல்லீரல் தளர்ந்துவிட்டால் அதே மாத்திரையோடு ரிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் மருந்தையும் சேர்க்க வேண்டும். ரிபாவிரின் தாங்காதவருக்கு 24 வாரம். ஆகவே உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பதில்: ஃபைப்ரோஸ்கேன் வரும்வரை முடிவு செய்யாதீர்கள், ஆனால் டாக்லா பக்கம் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைக்கு அவசரமும் இல்லை. 1996-இல் வந்திருந்தால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குடியிருந்த வைரஸ். நன்கொடை இரத்தத்தில் சி வைரஸ் பரிசோதனை இந்தியாவில் 2001-இல்தான் கட்டாயமாயிற்று, அதற்கு முன் இரத்தம் ஏற்றிய யாருக்கும் ஒருமுறை ஆன்டிபாடி பார்த்துவிடுவது நல்லது. ஒரு மாதம் தள்ளித் தொடங்கினால் குடிமுழுகாது. பெனிடாயினோடு தொடங்கினால் முழுகும்.

குடலிறக்கம் சும்மா இருந்தால் வைரஸ் சிகிச்சை முடிந்தபின் செய்யலாம். புடைப்பு உள்ளே போகாமல் வலித்தால், வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆபரேஷன், சி வைரஸ் இருக்கிறது என்று யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. எல்லா நோயாளிக்கும் எடுக்கும் பாதுகாப்பு முறையே போதும்.

---

காட்பாடி மருந்தாளுநர்

டாக்டர் கடைசியில் தொட்ட பெனிடாயினைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த நோயாளிக்கு மருந்து தோற்றால் இதனால்தான் தோற்கும்.

சோபோஸ்புவிர், வெல்பாடாஸ்விர், டாக்லாடாஸ்விர் மூன்றையும் பெனிடாயின் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். குடல் சுவரில் மருந்தைத் திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தையும், கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளையும் அது பெருக்குகிறது. மாத்திரை 84-ம் விழுங்கியிருப்பார், இரத்தத்தில் அளவு எட்டியிருக்காது. வைரஸ் சாகாமல் எதிர்ப்புத்திறனோடு திரும்பும். கார்பமாசெபைன், பீனோபார்பிட்டோன் இரண்டும் இதே கூட்டம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படியே. காசநோய் மருந்து ஓடும் நோயாளிக்கு முதலில் காசநோயை முடித்துவிட்டுத்தான் சி வைரஸுக்கு வர வேண்டும்.

வலிப்பு மாத்திரையை யாரும் சட்டென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நிற்காமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நரம்பியல் டாக்டரிடம் அனுப்பி லெவெடிராசிட்டம் தொடங்கி, அது நிலைத்தபின் பெனிடாயினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். கடைசி பெனிடாயினுக்குப் பிறகும் நொதிகளின் முடுக்கம் அடங்க இரண்டு வாரம் விடுங்கள், அப்புறம் வைரஸ் மாத்திரை. லெவெடிராசிட்டத்துக்கும் இந்த மருந்துகளுக்கும் மோதல் இல்லை. சிலருக்குக் கோபமும் எரிச்சலும் கூடும், வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள். வால்ப்ரோயேட்டுக்கு மாற்றுவது இந்தக் கல்லீரலுக்கு வேண்டாம்.

இன்னொன்று: பெனிடாயின் ஓடும் ஆளுக்கு ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி தன்னால் ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து ‘இன்னும் குடிக்கிறார்’ என்று முடிவு கட்டி அவரைக் கூனிக் குறுக வைக்காதீர்கள்.

அடுத்தது அந்தக் கேஸ் மாத்திரை. வெல்பாடாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பேன்டோபிரசோல் 40 காலையில் போட்டுவிட்டு மேலே இதைப் போட்டால் பாதி வீண். காரணம் இல்லாமல் ஓடுவதென்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்திய முதல் வாரம் எரிச்சல் கூடுதலாகத் தெரியும், பிறகு தணியும், அதைச் சொல்லவில்லை என்றால் அவரே கடைக்குப் போய் வாங்கிவிடுவார். எரிச்சலுக்குத் திரவ ஆன்டாசிட் கொடுக்கலாம், வைரஸ் மாத்திரைக்கு முன்னும் பின்னும் நாலு மணி நேரம் இடைவெளி விட்டு. புண் இருந்து கட்டாயம் வேண்டும் என்றால் வைரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து, நாலு மணி நேரம் கழித்து ஒமெப்ரசோல் 20-க்கு மேற்படாத அளவில் கொடுக்கலாம்.

இதயத் துடிப்புக்கு அமியோடரோன் போடுகிறாரா என்று கேளுங்கள். சோபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாகக் குறையும். கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்றால் 10 மி.கி. தாண்டக் கூடாது. வார்ஃபரின் போடுபவருக்கு ஐ.என்.ஆர். அடிக்கடி பார்க்க வேண்டும்.

கிளிமிபிரைட்டை மறக்காதீர்கள். வைரஸ் போகப் போக இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டு, பழைய அளவு மாத்திரை சர்க்கரையைக் கீழே தள்ளும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை வீட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். காலைச் சர்க்கரை 90-க்குக் கீழே வந்தால் கிளிமிபிரைட்டை 1 மி.கி. ஆக்க டாக்டரிடம் கேளுங்கள். மதியம் வியர்த்து, கை நடுங்கினால் ‘புது மாத்திரை ஒத்துக்கவில்லை’ என்று வைரஸ் மருந்தை நிறுத்திவிடுவார்கள். குறைக்க வேண்டியது சர்க்கரை மாத்திரை.

மறந்த வேளை: 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம், அதற்கு மேல் போனால் அடுத்த வேளைக்கே. ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை கூடவே கூடாது. விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று.

வைக்கும் இடம்: மாத்திரை 30 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் ஓட்டு வீட்டு அலமாரி அதைத் தாண்டும். வண்டி டிக்கியில் வைத்துப் போவது இன்னும் மோசம். மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில், தண்ணீர் படாமல், மூடிய டப்பாவில், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். வாரப் பெட்டியில் மாத்திரையைப் பிரித்துப் போட வேண்டாம்.

---

லேப் மேசை

ஆர்.என்.ஏ. ரிப்போர்ட் படிப்பதில் நடக்கும் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. 8,40,000 என்பது லாக் கணக்கில் 5.92. இந்த எண் பெரிது சிறிது என்பதற்கும் கல்லீரல் கெட்டிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. எச்.ஐ.வி.யில் எண்ணைப் பார்த்து நிலைமை சொல்லிப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே சொல்லி நோயாளியைப் பயமுறுத்துகிறார்கள். இங்கே இரண்டே கேள்வி: வைரஸ் இருக்கிறதா, இல்லையா.

ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்று மருந்து தொடங்கக் கூடாது. தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வைரஸ் முதல் ஆறு மாதத்தில் தானே போய்விடும். ஆன்டிபாடி மட்டும் ஆயுளுக்கும் நிற்கும். உங்கள் நோயாளிக்கு ஆர்.என்.ஏ. வந்திருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

பி வைரஸுக்கு எச்.பி.எஸ்.ஏஜி. மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பழைய பி தொற்றையும் காட்டும் ஆன்டி-எச்.பி.சி. டோட்டல் பார்க்க வேண்டும். ‘டோட்டல்’ என்று சீட்டில் தெளிவாக எழுதுங்கள். வெறுமனே ஆன்டி-எச்.பி.சி. என்று எழுதினால் பல லேபில் ஐ.ஜி.எம். போட்டுவிடுவார்கள், அது பழைய தொற்றைக் காட்டாது, நெகட்டிவ் என்று வந்து எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். சி வைரஸ் போனதும் உறங்கிக்கொண்டிருந்த பி எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் இந்த மருந்துகளுக்கெல்லாம் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது இதற்காகத்தான்.

---

ஆற்காடு சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆயிற்று, விவரம் வந்துவிட்டது. ஃபைப்ரோஸ்கேன் வெறும் வயிற்றில் எடுத்தது: 16.8 கிலோபாஸ்கல், ஐ.க்யூ.ஆர். 14 சதவீதம். அல்ட்ராசவுண்டில் கல்லீரல் மேல்பரப்பு கரடுமுரடு, கட்டி இல்லை, மண்ணீரல் 13.5 செ.மீ., நீர் இல்லை. ஆன்டி-எச்.பி.சி. டோட்டல் பாசிட்டிவ். பெனிடாயின் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், லெவெடிராசிட்டம் 500 இரு வேளை ஓடுகிறது. பேன்டோபிரசோல் நிறுத்தியாயிற்று.

வீட்டில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறார்கள். தட்டு, டம்ளர் தனியாக வைத்துவிட்டார்கள், பேரக் குழந்தையைத் தூக்க விடுவதில்லையாம். ஆள் அதில்தான் ரொம்ப நொந்துபோயிருக்கிறார். என்ன சொல்ல?

---

பாலாற்றங்கரை டாக்டர்

தட்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள், மருந்தைப் பிறகு பேசலாம். சி வைரஸ் இரத்தம் வழியாகத்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும், பேரனைத் தூக்கி முத்தம் கொடுத்தாலும் பரவாது. தனியாக வைக்க வேண்டியவை நாலே பொருள்: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி. விரலில் குத்தும் அந்தக் கருவியை வீட்டில் இன்னொரு சர்க்கரை நோயாளியோடு பகிர்கிறார்களா என்று கேளுங்கள், அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மனைவிக்கு ஒருமுறை ஆன்டிபாடி பாருங்கள். கணவன் மனைவிக்குள் பரவுவது அபூர்வம். வீட்டாரை வரச்சொல்லி, அவர் எதிரிலேயே இதைச் சொல்லுங்கள். அவர் காதில் விழுந்தால்தான் பேரனைத் தூக்குவார்.

கீழாநெல்லி: 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியது பி வைரஸைப் பற்றி. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. சி வைரஸுக்கு அது மருந்தில்லை. பன்னிரண்டு வாரமும் எந்த மூலிகையும் லேகியமும் வேண்டாம். கல்லீரல் எண் நடுவில் ஏறினால் எதனால் ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். திட்டாமல் சொல்லுங்கள், அக்கறையில் கொடுக்கிறார்கள். வெறும் மோர் தாராளமாகக் குடிக்கட்டும்.

மருந்து: 16.8 என்பதால் சிரோசிஸ் உறுதி, சைல்ட்-பியூ ‘ஏ’. சோபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். டாக்லா வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 3-ஆம் ஜீனோடைப்தான் அதிகம். ஆலி-3 ஆய்வில் அந்த வகையினருக்கு சோபோ-டாக்லா பன்னிரண்டு வாரம் கொடுத்தபோது சிரோசிஸ் இல்லாதவர்களில் 96 சதவீதம் குணம், சிரோசிஸ் இருந்தவர்களில் 63 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சிரோசிஸ் இருந்தால் சோபோ-டாக்லா 24 வாரம் என்று சொன்னதும் இதனால்தான். கடையில் டாக்லா இருக்கிறது என்று அதையே 12 வாரத்துக்கு எழுதுவது இந்த நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

எண்டோஸ்கோபியும் எடுக்க வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழ், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் என்று இரண்டும் இருந்தால் தவிர்க்கலாம். இவருக்குப் பிளேட்லெட் 1.10. உணவுக்குழாயில் இரத்தக் குழாய் புடைத்திருந்தால் இரத்த வாந்திக்குக் காத்திராமல் இப்போதே தடுக்கலாம்.

பி வைரஸ்: எச்.பி.எஸ்.ஏஜி. நெகட்டிவ், ஆன்டி-எச்.பி.சி. பாசிட்டிவ் என்பதால் தடுப்பு மாத்திரை தேவையில்லை. மாதம் ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. பாருங்கள். இறங்கி வந்த எண் திரும்ப ஏறினால் அன்றைக்கே எச்.பி.வி. டி.என்.ஏ. எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவாக இருந்திருந்தால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் முன்பே தொடங்கி, சி மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் வரையாவது கொடுக்க வேண்டியிருக்கும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள். ‘கல்லீரல் நோய், பருப்பு முட்டை கூடாது’ என்று பத்தியம் வைக்கிறார்கள், அது தவறு. சதை கரையும். இரவு படுக்கும் முன் ஒரு கிண்ணம் சுண்டலோ பாலோ கேழ்வரகுக் கூழோ சாப்பிடட்டும், ராத்திரி முழுக்க வெறும் வயிறு சிரோசிஸுக்கு ஆகாது. சர்க்கரைக்கு ஏற்ப அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

---

லேப் மேசை

டாக்டர், ஒரு மாற்றுக் கருத்து. சிஸ்டர் முதலில் கேட்ட ஜீனோடைப் திட்டப்படி தேவையில்லைதான், வெல்பாடாஸ்விர் எல்லா வகைக்கும் வேலை செய்யும். ஆனால் சிரோசிஸ் இருக்கும்போது 3-ஆம் வகையா என்று தெரிந்தால் நல்லது என்பது என் எண்ணம். மருந்தை எதிர்க்க உதவும் ஒய்93எச் என்ற மாற்றம் வைரஸில் இருந்தால் ரிபாவிரின் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாமே.

---

பாலாற்றங்கரை டாக்டர்

நியாயமான பேச்சு. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் 3-ஆம் வகை சிரோசிஸைத் தனியாகத்தான் பார்க்கின்றன. வசதி இருந்து, முடிவு ஒரு வாரத்தில் வருமானால் எடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் மருந்தைத் தள்ளிப்போடுவதையும், கைக்காசு போட்டு எடுக்க வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். சோபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் கொடுத்த ஆஸ்ட்ரல்-3 ஆய்வில் 3-ஆம் வகையில் மொத்தமாகவே 95 சதவீதம் குணமாயிற்று. ரிபாவிரினும் சும்மா வராது: ஹீமோகுளோபின் இறங்கும், 2-ஆம், 4-ஆம் வாரம் கட்டாயம் பார்க்க வேண்டும், 10-க்குக் கீழ் போனால் அளவைக் குறைக்க வேண்டும், 8.5-க்குக் கீழ் போனால் நிறுத்த வேண்டும். மருந்து முடிந்து ஆறு மாதம் வரை கணவன் மனைவி இருவரும் கரு உருவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முறை மருந்து எடுப்பவர், சைல்ட்-பியூ ‘ஏ’: ரிபாவிரின் இல்லாமலே தொடங்குவேன்.

---

வாலாஜா டயாலிசிஸ்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சேரும்போது ஆன்டிபாடி நெகட்டிவாக இருந்த ஒருவர் ஆறாவது மாதப் பரிசோதனையில் பாசிட்டிவ். அவருக்கும் இதே மருந்து கொடுக்கலாமா? தனி மெஷின் வேண்டுமா?

---

பாலாற்றங்கரை டாக்டர்

கொடுக்கலாம் தம்பி. சோபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் அளவு மாறாது, ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். கிரியாட்டினின் அதிகமானால் சோபோஸ்புவிர் கூடாது என்று பழைய புத்தகத்தில் இருக்கும். 2019-இல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டிலேயே டயாலிசிஸ் நோயாளிக்கும் அளவு குறைக்க வேண்டாம் என்று திருத்திவிட்டார்கள். ரிபாவிரினை மட்டும் தொடாதீர்கள், டயாலிசிஸில் வெளியேறாமல் உடம்பில் தேங்கி இரத்தத்தை உடைக்கும். சிறுநீரக மாற்று திட்டம் இருந்தால் அந்தக் குழுவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஃபைப்-4, ஆப்ரி கணக்கை இவருக்கு நம்பாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவே தாழ்ந்திருக்கும், கணக்கு குறைத்துக் காட்டும்.

மெஷினைவிடப் பெரிய கேள்வி, இவருக்கு எப்படி வந்தது என்பது. ஒருவர் புதிதாகப் பாசிட்டிவ் ஆனால் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும், ஆன்டிபாடி வர வாரக்கணக்கில் ஆகும். பி வைரஸுக்குத் தனி மெஷின் கட்டாயம். சி வைரஸுக்குத் தனி மெஷின் மட்டும் வைத்துவிட்டுக் கையுறையை மாற்றாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் ஒரு பயனும் இல்லை. ஹெப்பாரின் குப்பியைப் பாருங்கள்: ஒரே குப்பியிலிருந்து நாலு பேருக்கு எடுத்து, ஊசியைத் திரும்ப அதிலேயே விடுகிறார்களா? மருந்து டிராலி கட்டிலுக்குக் கட்டில் உருளுகிறதா? ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நடுவில் மெஷின் முகப்பையும் நாற்காலிக் கைப்பிடியையும் துடைக்கிறார்களா, அதற்கு நேரம் விடுகிறார்களா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

---

லேப் மேசை

டயாலிசிஸ் நோயாளிக்கு ஆர்.என்.ஏ. இரத்தத்தை மெஷின் போடும் முன் எடுங்கள். ஹெப்பாரின் கலந்தால் பி.சி.ஆர். தடைபடும், வைரஸ் இருந்தும் இல்லை என்று வரலாம். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய், பச்சை மூடி வேண்டாம். எடுத்ததும் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். மதிய வெயிலில் வாலாஜாவிலிருந்து வேலூருக்குப் பையில் போட்டு அனுப்பும் முழு இரத்தம் சேரும்போது என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

---

ஆற்காடு சிஸ்டர்

பெனிடாயின் நின்று இரண்டு வாரம் முடிந்து, ஜனவரி 6-இல் முதல் மாத்திரை என்று டாக்டர் முடிவு செய்திருக்கிறார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் திட்டத்தில் பதிவு செய்ய அனுப்புகிறோம். மருந்து முடிந்த அன்றே ஆர்.என்.ஏ. எடுத்துவிடலாமா? அவருக்கு வேலைக்கு லீவு போட்டு வருவது கஷ்டம்.

---

காட்பாடி மருந்தாளுநர்

ஜனவரி 6 முதல் ஒரு நாளும் விடாமல் 84 மாத்திரை என்றால் கடைசி மாத்திரை மார்ச் 30. அன்று எடுக்கும் ஆர்.என்.ஏ. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ‘இல்லை’ என்றுதான் வரும், மருந்து உடம்பில் இருக்கும்போது வைரஸ் தலை தூக்காது. குணம் என்று சொல்ல, மருந்து நின்று பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். அது ஜூன் 22. நாள் ஒன்றிரண்டு பிந்தலாம், முந்தக் கூடாது. நடுவில் வேளை விட்டிருந்தால் அத்தனை நாள் தள்ளிக் கணக்கிடுங்கள். ஒரு லீவுதான் கிடைக்கும் என்றால் மார்ச் 30-ஐ விட்டுவிட்டு ஜூன் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையிலேயே அந்தத் தேதியைப் பேனாவால் எழுதி, மனைவி போனிலும் பதிந்துவிடுங்கள். மாத்திரை தீர்ந்ததும் உடம்பு நன்றாக இருக்கும், அப்போதுதான் பலரும் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

மாத்திரை பெரும்பாலும் 28 நாளுக்கு ஒருமுறை தருவார்கள். காலி டப்பா இருக்கிறதா, மிச்சம் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மிச்சம் இருந்தால் இரண்டு நாள் விட்டிருக்கிறார், அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

---

பாலாற்றங்கரை டாக்டர்

ஜூன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் வைரஸ் போய்விட்டது. ‘15-க்குக் கீழ், கண்டறியப்பட்டது’ என்று இருந்தால் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். திரும்பவும் வந்தால் அதே மாத்திரையை அதே முறையில் மறுபடி கொடுக்காமல் பெரிய மையத்துக்கு அனுப்புங்கள்.

அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆன்டிபாடி ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே வரும். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகும்போது அதைப் பார்த்து மறுபடி தயங்குவார்கள், அப்போது காட்ட வேண்டியது இதைத்தான். இரத்ததானம் செய்யக் கூடாது. ஆன்டிபாடி காவல் நிற்காது, மறுபடி தொற்று வரலாம், ஆகவே சலூனில் புது பிளேடு, ஊசி போட்டால் புது சிரிஞ்ச் என்பதைக் கேட்டு வாங்கட்டும்.

வைரஸ் போனாலும் சிரோசிஸ் தழும்பு உடனே போகாது, கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு குறையுமே தவிர மறையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூட ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றைத் தேடும் இரத்தப் பரிசோதனை), ஆயுள் முழுக்க. அடுத்தது ஜூன் 22 ஆர்.என்.ஏ. நாளன்றே வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரே லீவில் இரண்டும் முடியும், அன்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிடுங்கள்.

---

ஆற்காடு சிஸ்டர்

ஜூன் 22 ஞாயிறாக வந்தால் திங்கள் 23 என்று அட்டையில் எழுதிவிடுகிறேன். வெறும் வயிறு என்பதால் அன்று காலை கிளிமிபிரைட்டைச் சாப்பிட்டபின் போடச் சொல்கிறேன், சரிதானே டாக்டர்?

---

பாலாற்றங்கரை டாக்டர்

சரி சிஸ்டர். ஸ்கேனும் இரத்தமும் முடிந்து, டிபன் சாப்பிட்டு, அதற்குப் பிறகு மாத்திரை. மெட்ஃபார்மினும் அப்படியே.